ஒடிக்காமல் விட்ட கால்

வில்ஃப் கார்சைட் நல்ல மனிதன் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வந்துவிடுவேன். எங்கள் ஸ்கெல்பி ஊரில் அவனோடு கால்பந்து ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள், முழங்காலைத் தடவிக்கொண்டேதான் பதில் சொல்வார்கள். வாரமெல்லாம் கப்பல் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய ஆணியைச் சம்மட்டியால் அறைவது அவன் வேலை. சனிக்கிழமை மதியம் ஸ்கெல்பி டவுன் கிளப்பின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, நடுவில் நின்று தடுப்பாட்டம் ஆடுவான். இரண்டு வேலைக்கும் அவனுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அவனைத் தாண்டிப் பந்து போகும், இல்லாவிட்டால் ஆள் போவான். இரண்டும் சேர்ந்து போனதாகச் சரித்திரமே கிடையாது.

அவன் தம்பி கிளெம் அப்படியே நேர் எதிர். இருபத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு. ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால், பின்னால் ஓடுகிறவன் மூச்சு வாங்கி நின்றுவிடுவான். 1939 ஏப்ரலில், கரையோரமாகப் பதினாறு மைல் தள்ளி இருக்கிற தோர்ன்விக் கிளப்போடு ஆட்டம். கிளெம்மைப் பார்க்கவென்று ஒரு பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்து, ஒப்பந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது தோர்ன்விக் ஆட்டக்காரன் நெட் டிரான்டர் குறுக்கே பாய்ந்தான். எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது. கிளெம்மின் காலுறையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே நின்றது. பார்த்தவர்களில் இரண்டு பேர் அங்கேயே வாந்தி எடுத்தார்கள்.

வில்ஃப் பாய்ந்து டிரான்டரின் கழுத்தைப் பிடித்துவிட்டான். நான்கு பேரும் ஒரு போலீஸ்காரரும் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. இழுத்துக்கொண்டு போகும்போதும் கத்தினான்.

"உன் காலை உடைக்காம விடமாட்டேன்டா, எழுதி வச்சுக்கோ!"

கிளெம்மின் கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகத்தான் கூடியது. ஒப்பந்தக் காகிதத்தோடு வந்தவர் அதற்குப் பிறகு ஊர்ப்பக்கமே வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிளெம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டான்.

"அவன் காலை உடைப்பியா?"

"உடைப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடா."

சத்தியம் செய்த சூடு ஆறுவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. புது சீசனில் மூன்றே ஆட்டத்தோடு லீக் நின்றது. அப்புறம், ரயிலும் இல்லை பெட்ரோலும் இல்லை, பக்கத்து ஊர்களோடு மட்டும் ஆடிக்கொள்ளுங்கள் என்று வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து ஒரு யுத்தகால லீக்கை உண்டாக்கினார்கள். ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் பட்டாளத்தில் இருந்தார்கள். அதனால் எந்த ஊர் ஆளானாலும், எந்த முகாமில் இருக்கிறானோ அந்த ஊருக்கு விருந்தாளியாக ஆடலாம் என்று விதி வந்தது. அப்படியும் பதினொரு பேரைச் சேர்ப்பதற்குள் எங்கள் மேனேஜர் பாஸ்டாக்குக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒருதரம் கோல்கீப்பர் வந்த ரயில் வழியில் நின்றுவிட்டதால், வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரைக் கோலில் நிறுத்தி ஒன்பது கோல் வாங்கினோம்!

கப்பல் பட்டறை ஆள் என்பதால் வில்ஃபைப் பட்டாளத்துக்குக் கூப்பிடவில்லை. குண்டு விழுந்தால் இடிபாட்டைத் தோண்டி ஆட்களை எடுக்கும் மீட்புப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். கிளெம்முக்கு மைதானக் கூரைமேல் வேலை. கையில் தூரக்கண்ணாடியும் சிவப்புக் கொடியும் கொடுத்திருந்தார்கள். கடல் பக்கம் விமானம் தெரிந்தால் கொடியை ஆட்ட வேண்டும், நடுவர் ஊதுவார், எல்லோரும் கல் கட்டடத்துக்குள் ஓட வேண்டும். ஓட முடியாதவனை உயரத்தில் உட்கார வைத்த புத்திசாலிகள் நாங்கள்.

1940 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பாஸ்டாக் உடை மாற்றும் அறைக்குள் ஒரு ராணுவக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பசங்களா, இவரு சார்ஜன்ட் டிரான்டர். கேஸ் ஃபாக்டரிக்குப் பின்னாடி பீரங்கி வச்சிருக்காங்கள்ல, அங்க இருக்காரு. இன்னிலேர்ந்து நமக்கு ஆடறாரு."

வில்ஃப் அப்போது பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். கையில் இருந்த மற்ற பூட்ஸால் டிரான்டர் முகத்தில் ஒரே அறை. புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. டிரான்டரும் லேசுப்பட்டவன் இல்லை. தலையால் வில்ஃப் மூக்கில் ஒரு முட்டு முட்டினான். சிமெண்டுத் தரையில் இருவரும் கட்டிப் புரண்டார்கள். பாஸ்டாக் ஒரு வாளி பச்சைத்தண்ணீரைத் தூக்கி இருவர் மேலும் கொட்டினார். போன யுத்தத்தில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்த மனுஷன் அவர், ரத்தத்துக்கெல்லாம் அசைகிறவர் இல்லை. ஒரு நீலச் சட்டையை எடுத்து டிரான்டர் தலையில் மாட்டி இழுத்துவிட்டார்.

"ஆச்சு. இவன் நம்ம சட்டைய போட்டாச்சு. நம்ம சட்டை போட்டவன் மேல நம்மாளு கை வைக்கக்கூடாது. சீசன் முடியற வரைக்கும், உள்ளயும் சரி, வெளியயும் சரி. வில்ஃப், உனக்கு இது தெரியும்ல?"

வில்ஃபுக்குத் தெரியாமல் இருக்குமா! எங்கள் ஊரில் தேவாலயத்துக்குப் போகாதவன்கூட அந்த ஒரு சட்டத்துக்குக் கட்டுப்படுவான். நம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடினவனாக இருந்தாலும் சரி, நீலச் சட்டை போட்டுவிட்டால் சீசன் முடியும்வரை அவன் நம் ஆள். மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வில்ஃப் மைதானத்துக்குப் போனான். ஏணியடியில் கிளெம் நின்றுகொண்டிருந்தான்.

"அவன்கூட சேர்ந்து ஆடப்போறியா நீ?"

"சீசன் முடியட்டும்டா."

"முடியட்டும், முடியட்டும். நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, குட்டைக்காலை இழுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.

அந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்குமுன் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. வாரமெல்லாம் பீரங்கிக் குண்டு வானத்தில் வெடித்து, இரும்புச் சில்லு மைதானத்தில் கொட்டிக் கிடக்கும். அதன்மேல் சறுக்கி விழுந்தால் தொடை கிழிந்துவிடும். அதனால் பதினொரு பேரும் தோளோடு தோள் நின்று, ஆளுக்கொரு வாளியோடு இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல்வரை குனிந்து பொறுக்கிக்கொண்டே போக வேண்டும். பாஸ்டாக் வேண்டுமென்றே அந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்.

"இதுல பாதி உன் குண்டுதான். பிளேன் ஒண்ணு விழுந்து நாங்க பாக்கல. எங்க மைதானம்னா மட்டும் குறி தப்ப மாட்டேங்குது உனக்கு" என்றான் வில்ஃப்.

"உன் மண்டைக்கு வச்ச குறி, தப்பிப்போச்சு."

நான்கு வாரம் இப்படியே போனது. ஐந்தாவது வாரம் வில்ஃப் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டான்.

"கிளெம் காலை வேணும்னு உடைச்சியா?"

டிரான்டர் குனிந்தான். ஒரு சில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தெரியல. நெஜமாவே தெரியல. பந்தும் அங்கதான் இருந்துச்சு, காலும் அங்கதான் இருந்துச்சு. எத்தனை தடவ யோசிச்சுப் பாத்தாலும் எதுக்குப் பாஞ்சேன்னு எனக்கே புரியல."

இல்லை என்று பொய் சொல்லியிருந்தால் வில்ஃபுக்கு ஆத்திரப்பட வசதியாக இருந்திருக்கும். வாளியை எடுத்துக்கொண்டு மேலே நடந்தான்.

நவம்பரில் ஒரு சுரங்க ஊரில் ஆட்டம். டிரான்டர் இரண்டு கோல் போட்டதும், அந்த ஊர்த் தடியன் ஒருவன் அவன் கணுக்காலைக் குறிவைத்து மிதிக்க ஆரம்பித்தான். மூன்றாவது மிதியில் வில்ஃப் அரை மைதானம் ஓடிப்போய் முழங்கையால் அவன் வாயில் இடித்தான். இரண்டு பல் சேற்றில் விழுந்தன. தடியன் மல்லாக்கக் கிடந்தான். வில்ஃப் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு கர்ஜித்தான்.

"அந்தக் கால் என்னுதுடா! தொட்டே, கொன்னுடுவேன்!"

எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிரான்டரும்தான் சிரித்தான். நடுவர் வில்ஃபை வெளியே அனுப்பினார். கிறிஸ்துமஸ் வந்தபோது டிரான்டர் பத்தொன்பது கோல் போட்டிருந்தான், நாங்கள் பட்டியலில் மூன்றாவதாக இருந்தோம்.

ஜனவரியில் பட்டறை மேல் குண்டு விழுந்தது. பட்டப்பகல், சாப்பாட்டு நேரம். தாழ்ந்த மேகத்துக்குள்ளிருந்து வந்த இரண்டு குண்டுகளும் தகடு வளைக்கும் கொட்டகையில் நேராக விழுந்தன. வில்ஃப் வெளியே தேநீர் வாங்கப் போனதால் தப்பித்தான். மூன்று நாள் தோண்டினான். முழு ஆளாகக் கிடைத்தவர்கள் ஏழு பேர்தான். மற்றவர்களை உருளைக்கிழங்குச் சாக்கில் சேகரித்தார்கள். ஒரு கை, ஒரு தோள். பூட்ஸ் போட்ட ஒரு கால் தனியாகக் கிடைத்தது. கயிறு கட்டியிருந்த விதத்தைப் பார்த்து, இது இன்னாருடையது என்று வில்ஃப்தான் அடையாளம் சொன்னான். பத்து வருஷம் பக்கத்தில் நின்று ஆணி அடித்தவன் கால். அதைச் சாக்கில் போட்டுத் தெருக்கோடி வரை இவனே தூக்கிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினான்.

"ஒரு கால் இவ்வளவு கனமாடா கிளெம்? இன்னும் கையிலயே இருக்கு அந்தக் கனம்."

கிளெம் துண்டை எடுத்துக் கொடுத்தான். ரொட்டித் தட்டை அண்ணன் பக்கம் நகர்த்தினான். வில்ஃப் தொடவில்லை.

ஏப்ரலில் யுத்தக் கோப்பை ஆட்டம் வந்தது. சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு எதிராக வந்த ஊர் தோர்ன்விக்! விருந்தாளி ஆட்டக்காரன் என்றாலும் அவன் சொந்தக் கிளப் கூப்பிட்டால் அங்கேதான் போக வேண்டும். கூப்பிட்டார்கள். டிரான்டர் நீலச் சட்டையை மடித்து பாஸ்டாக்கிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஊருக்கே விஷயம் புரிந்துவிட்டது. கசாப்புக் கடை வரிசையில் நின்ற பெண்கள்கூட, சனிக்கிழமை எந்தக் கால், வலதா இடதா என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளெம் தன் கையாலேயே அண்ணன் பூட்ஸின் அடியில், சேற்றில் சறுக்காமல் இருக்கப் புதுத் தோல்குமிழ்களை வைத்து ஆணி அடித்தான்.

"நாளைக்கு வேற சட்டை போட்டு வரான்."

"தெரியும்."

"ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குடா, இருக்கு!" என்று எரிந்து விழுந்தான் வில்ஃப்.

சனிக்கிழமை ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். முடியப் பத்து நிமிடம் இருந்தது. நடுவர் தூரத்தில் இருந்தார். நீளமாக வந்த பந்தைத் துரத்திக்கொண்டு டிரான்டர் ஓடினான். பந்தைக் கொஞ்சம் அதிகமாகத் தட்டிவிட்டான், எட்டிப் பிடிக்க இடது காலை முழுக்க நீட்டி ஊன்றினான். பக்கவாட்டில் வில்ஃப் வந்துகொண்டிருந்தான். இரண்டு வருஷமாகக் காத்திருந்த கால், முழங்காலுக்குக் கீழே வெட்டவெளியாக நின்றது. கூரைமேல் கிளெம் வானத்தை மறந்து எழுந்து நின்றான். ஆறாயிரம் பேரும் "போடு!" என்று கத்தினார்கள். வில்ஃப் பூட்ஸை ஓங்கினான்.

அந்த நொடியில் சாக்கின் கனம் அவன் கைக்கு வந்துவிட்டது. ஓங்கின காலை மேலே இழுத்துக்கொண்டான். டிரான்டரைத் தாண்டிப்போய்ச் சேற்றில் முகம் குப்புற விழுந்தான். தலையைத் தூக்கிப் பார்த்தபோது பந்து வலைக்குள் கிடந்தது.

கோப்பையும் போச்சு, மானமும் போச்சு. எங்கள் ஊர்க்காரர்கள் அவன்மேல் காறித் துப்பினார்கள். யாரோ எறிந்த கரிக்கட்டி நெற்றியைப் பிளந்தது. இதையெல்லாம் மழுப்பிச் சொல்ல எனக்கு மனசில்லை, எறிந்தவர்களில் என் சொந்தக்காரர்களும் இருந்தார்கள்.

உடை மாற்றும் அறைக்குப் போகும் நடையில் டிரான்டர் காத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் விட்டே?"

"தடுக்கி விழுந்தேன்."

"கதை விடாத. பூட்ஸ் மேல போனத என் கண்ணால பாத்தேன்." கையை நீட்டினான். வில்ஃப் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான். "சரி, விடு. செவ்வாக்கிழமை எனக்கு லீவு. கிளெம்மைக் கூட்டிட்டு பீர் குடிக்க வா. அவன் மூஞ்சியில குத்தணும்னாலும் குத்தட்டும், வாங்கிக்கிறேன்."

"போய் உன் பீரங்கியப் பாரு, போ" என்றான் வில்ஃப்.

வீட்டில் கிளெம் அடுப்பைத் திறந்தான். அந்தப் பூட்ஸை எடுத்து அடுப்பில் போட்டான். தோல் கருகிப் பொசுங்குவதை அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஞாயிறும் அப்படியே கழிந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி, கடல்மூடுபனி. ஒற்றை விமானம் ஒன்று கூரையைத் தொடுகிற மாதிரி தாழப் பறந்து வந்து கேஸ் ஃபாக்டரிக்குக் குறிவைத்தது. மூன்று குண்டும் அதைத் தாண்டிப் பீரங்கிக் குழியில் விழுந்தன. மீட்புப் படை போனபோது குழிக்குள் நெருப்பு அடங்கவில்லை. ஒன்பது பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மணல் மூட்டைகளுக்கு அடியில் டிரான்டரைக் கண்டுபிடித்தவன் வில்ஃப். இடுப்புக்கு மேலே சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. கால் இரண்டும் முழுசாக இருந்தன. ஒரு கீறல் கிடையாது. பூட்ஸ் கயிற்றைப் பந்தாட்டத்துக்குக் கட்டுகிற மாதிரியே இரட்டை முடிச்சுப் போட்டிருந்தான்.

வில்ஃப் அந்த இடது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் வந்து இழுத்தும் பிடி தளரவில்லை. விஷயம் கேள்விப்பட்டு கிளெம் தடியை ஊன்றிக்கொண்டு வந்து தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"உடைச்சிருந்தா மூணு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்திருப்பான்டா" என்றான் வில்ஃப். "கட்டுப் போட்டுக்கிட்டு, என்னைக் கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டு, கஞ்சி குடிச்சுக்கிட்டு. உனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேனே கிளெம். அதைக் காப்பாத்தியிருந்தா அவன் பொழச்சிருப்பானேடா!"

கிளெம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அந்தக் காலை உடைக்கச் சொல்லி இரண்டு வருஷம் நச்சரித்தவன் அவன். அன்றைக்கு வாய்விட்டு அழுதான்.

செப்டம்பரில் அடுத்த சீசன் தொடங்கியது. இதற்குள் ஊருக்கு மேற்கே குண்டுவீச்சு விமானத் தளம் ஒன்று வந்துவிட்டது, எங்கள் விருந்தாளிகளெல்லாம் அங்கிருந்துதான். நல்ல ஆட்டக்காரர்கள். ஆனால் நிலைக்கவில்லை. பாஸ்டாக் வியாழக்கிழமை எழுதிய பட்டியலில் சனிக்கிழமை ஒரு பெயரை அடிப்பார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து வாரத்தில் மூன்று பெயர் அடிபட்டன.

மிஞ்சியவன் லெஸ்லி பிம். விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கிக்காரன், இருபத்திரண்டு வயது, இடது ஓரத்தில் கிளெம் மாதிரியே ஓடுவான். வாய் சும்மா இருக்காது. வில்ஃபை "தாத்தா" என்றுதான் கூப்பிடுவான்.

"தாத்தா, உங்க காலத்துல பந்து சதுரமா இருந்துச்சாமே?"

"வாய மூடிட்டு ஓடுடா."

இரும்புச் சில்லு பொறுக்கும்போது பிம் எப்போதும் வில்ஃப் பக்கத்தில் நிற்பான். பூட்ஸ் கயிற்றில் இரட்டை முடிச்சுப் போடுவான். அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மதியம், பயிற்சிக்கு வந்தவன் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"சனிக்கிழமை வந்துடறேன் தாத்தா. அதுக்குள்ள ரெண்டு தடவ குண்டு போடப் போயிட்டு வரணும். வரலேன்னா என் சட்டைய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, எனக்குன்னு அளவா இருக்கு."

வில்ஃப் அந்த இரட்டை முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். பயிற்சி தொடங்கிக் கால் மணி ஆனது. இருவர் மேலும் நீலச் சட்டை. பிம் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தான், பந்து இருபது அடி தள்ளி இருந்தது. வில்ஃப் நடுவிலிருந்து கிளம்பி ஓடினான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஓரத்தில் நின்ற கிளெம்முக்கு மட்டும் புரிந்தது. அவன் வாயைத் திறந்தான், கத்தவில்லை. வில்ஃப் ஓங்கின பூட்ஸை இந்தத் தடவை மேலே இழுக்கவில்லை. பிம்மின் இடது முழங்காலுக்குக் கீழே நேராக இறக்கினான். அந்தச் சத்தம் எங்களுக்கெல்லாம் பழைய சத்தம்தான்.

பாஸ்டாக் வாளியைத் தேடவில்லை.

"சட்டையக் கழட்டு" என்றார்.

வில்ஃப் சட்டையைக் கழற்றி, மடித்து, புல்லில் வைத்துவிட்டு வெற்று மார்போடு மைதானத்தை விட்டு நடந்தான். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவே இல்லை. லீக்காரர்களும் ஆயுள் முழுக்க ஆடக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். சொந்தச் சட்டைக்காரன் காலை உடைத்த மிருகம் என்று ஊர் சொன்னது. வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்று விடாமல் உடைந்தது. பட்டறையில் அவன் பக்கத்தில் நின்று ஆணி அடிக்க ஆள் வரவில்லை. ஒருவரிடமும் அவன் காரணம் சொல்லவில்லை. சொன்னாலும் நாங்கள் நம்பியிருப்போமா என்ன?

அந்த வார ஞாயிறு மதியம் அண்ணனும் தம்பியும் பஸ் பிடித்து, கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வில்ஃபைக் கண்டதும் பிம் தேநீர்க் குவளையை எடுத்து அவன் முகத்துக்கு வீசினான். நெற்றியில் பழைய தழும்பு மறுபடி பிளந்துகொண்டது.

"வேணும்னேதானடா பண்ணே, நாயே?"

"ஆமா" என்றான் வில்ஃப். "வேணும்னேதான்."

பிம் படுக்கையிலிருந்து எழ முயன்று, வலி தாங்காமல் விழுந்து, வாய்க்கு வந்தபடி திட்டினான். வில்ஃப் நின்று அத்தனையையும் கேட்டான். நெற்றி ரத்தம் தாடையில் இறங்கியது. சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டர் அவனைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். வாசலில் வில்ஃப் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தனை வாரம் டாக்டர்?"

"பதினாறு. மோசமா உடைச்சிருக்கே. கூடவும் ஆகலாம்."

வில்ஃப் திரும்பி கிளெம்மைப் பார்த்தான். ஏப்ரலுக்குப் பிறகு முதல்தடவையாக அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அவசரமே வேணாம் டாக்டர். மெதுவாவே ஆறட்டும்."